சூடானால் கியர் ஓங்கி அடிக்கும் 97 சில்வராடோ: எங்கிருந்து தேடுவது?

கேள்வி: என்னிடம் 1997ஆம் ஆண்டு செவ்ரலே சி1500 சில்வராடோ பிக்கப் இருக்கிறது. 5.7 லிட்டர் வி8 இன்ஜின், 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஹூஸ்டன் அருகே இருக்கிறேன்; வார இறுதியில் சிறிய டிரெய்லர் ஒன்றை இழுப்பேன். காலையில் வண்டி நன்றாக ஓடுகிறது. முப்பது மைல் போய்ச் சூடானதும் நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) காரணமில்லாமல் ஏறி இறங்குகிறது. அதன்பிறகு ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ஓங்கி அடிக்கிறது. சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. இரண்டு பட்டறைகளில் கேட்டேன். இருவரும் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: நீங்கள் எழுதியதிலேயே மிக முக்கியமான வரி, சாவியை அணைத்து ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது என்பதுதான். அந்தப் பட்டறைகளில் இதைச் சொல்லியிருந்தால் அவர்கள் நின்று யோசித்திருக்க வேண்டும். உடைந்த பல்லும் கருகிய கிளட்ச் பிளேட்டும் சாவியைத் திருகினால் குணமாகாது. சாவியோடு வந்து சாவியோடு போகிற கோளாறு என்றால் அதில் கம்ப்யூட்டரின் கை இருக்கிறது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டும் வேலையில் இருக்கிறேன். உங்கள் வண்டியைப் பார்க்காமலே ஒரு பந்தயம் கட்டச் சொன்னால், ஸ்கேனரில் பி1870 என்ற கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண், வரும் என்பேன். அது வந்தால் கியர்பாக்ஸை இறக்காமலேயே சரிசெய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பந்தயம் வேறு, கண்டுபிடிப்பது வேறு. ஆகவே முறையாகவே போவோம்.

இந்த 4எல்60-இ, 1982இல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸின் வாரிசு. உள்ளே உள்ள பல்சக்கரங்களும் கிளட்ச்களும் ஏறத்தாழ அவையேதான். எப்போது கியர் மாற்றுவது என்ற முடிவை மட்டும் கேபிளிடமும், வண்டியின் வேகத்தை உணரும் கவர்னர் என்ற பாகத்திடமும் இருந்து எடுத்துக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். 1993இல் பிக்கப்களில் வரத் தொடங்கியது. முதல் கியர் 3.06, இரண்டு 1.63, மூன்று 1.00, நான்கு 0.70. இந்த நான்கு எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

முதலில் ஆயில். இதைச் சொன்னால் எல்லாரும் "பார்த்துவிட்டேன், நிறைய இருக்கிறது" என்பார்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்திருப்பார்கள். இந்த கியர்பாக்ஸில் சமதரையில் வண்டியை நிறுத்தி, நன்றாகச் சூடான பிறகு, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, பார்க்கில் வைத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அணைத்துவிட்டால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் வடிந்து கீழே வந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் குச்சி பொய் சொல்லும். (பழைய கிரைஸ்லர் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் பார்க்கில் அல்ல, நியூட்ரலில் பார்க்க வேண்டும். வண்டிக்கு வண்டி மாறும் விஷயம் இது.)

அளவைவிட நிறமும் வாடையும் நிறையச் சொல்லும். குச்சியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத் துண்டின்மேல் விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். நல்ல ஆயில் இளஞ்சிவப்பாகப் பரவி, ஓரம் வரை ஒரே நிறமாக இருக்கும். வயதான ஆயில் பழுப்பாகப் பரவும், அதுவும் பரவாயில்லை. நடுவில் கறுத்த புள்ளி அப்படியே நின்று, அதைச் சுற்றி மட்டும் வெளிறிய எண்ணெய் ஊர்ந்தால், அந்தக் கறுப்பு கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிர்ந்த தூள். வாடை கருகியிருந்தால், அடிபிடித்த பாத்திரத்தைத் திறந்ததுபோல் மூக்கில் ஏறும், சந்தேகமே வராது. இன்னொன்று: ஆயில் பால் கலந்த ரோஜா நிறத்தில் இருந்தால் உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். அதற்குப் பிறகு பிரித்துப் புதுப்பிப்பதைத் தவிர வழியில்லை. அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் நான் சலுகை தருவதில்லை.

அடுத்து கோடு. உங்கள் வண்டி 1996க்குப் பின் வந்தது என்பதால் டாஷ்போர்டுக்கு அடியில் பதினாறு முனை சாக்கெட் இருக்கும். சாதாரண ஸ்கேனரே போதும். கோடுகளை அழிப்பதற்கு முன்னால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் அழித்திருந்தால் இரண்டு மூன்று நாள் ஓட்டி மறுபடி வரவிடுங்கள். பி0753 என்றால் ஒன்று-இரண்டு சோலனாய்டின் (மின்சாரத்தால் திறந்து மூடும் சின்ன வால்வ்) மின்சுற்று, பி0758 என்றால் இரண்டு-மூன்று சோலனாய்டின் மின்சுற்று, பி0748 என்றால் அழுத்தக் கட்டுப்பாட்டு சோலனாய்ட். இவை மூன்றும் பெரும்பாலும் ஒயர், கனெக்டர், சோலனாய்ட் சம்பந்தப்பட்டவை. இவற்றில் ஒன்றைப் பார்த்து யாராவது கியர்பாக்ஸ் மாற்றச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

பி1870 வேறு மாதிரி. கியர்பாக்ஸுக்குள் ஏதோ வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும் கோடு அது. எது வழுக்குகிறது, ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். உங்கள் வண்டியின் கதை இங்கேதான் இருக்கிறது.

டார்க் கன்வெர்ட்டர் என்பது எண்ணெய்க்குள் எதிரெதிரே சுழலும் இரண்டு மின்விசிறிகள்போல. ஒன்று சுழன்றால் அதன் வேகத்தில் மற்றதும் சுழலும், ஆனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே இருக்கும். அந்தப் பின்தங்கல் நெடுஞ்சாலையில் வெப்பமாகவும் பெட்ரோலாகவும் வீணாகும். அதைத் தடுக்க உள்ளே ஒரு கிளட்ச் வைத்து, சீரான வேகம் வந்ததும் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள். தொடக்கத்தில் இந்தப் பூட்டு ஒரே அடியில் விழும். 1995 வாக்கில் அதை மென்மையாக்குவதற்காக, நொடிக்குப் பலமுறை துடிக்கும் ஒரு சோலனாய்டைச் சேர்த்தார்கள். அந்தத் துடிப்பை வாங்கிக்கொண்டு, எண்ணெய் அழுத்தத்தை அந்தந்தக் கிளட்சுக்கு அனுப்பும் வால்வ் பாடிக்குள் ஒரு சின்ன வால்வ் விடாமல் முன்னும் பின்னும் ஆடும். வால்வ் பாடி அலுமினிய வார்ப்பு. ஒரு லட்சம் மைல் ஆடினால் அந்தத் துளை தேய்ந்துபோகும். காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த இடுக்கில் கசிவு குறைவு. சூடாகி ஆயில் நீர்த்ததும் அழுத்தம் அந்த இடுக்கில் கசிந்துவிடும். கிளட்சை இறுக்கிப் பிடிக்கப் போதுமானது போய்ச் சேராது. கிளட்ச் வழுக்கும். ஆர்பிஎம் ஏறி இறங்குவதாக நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

பூட்டச் சொன்ன பிறகும் இன்ஜின் முன்னால் ஓடுவதைக் கம்ப்யூட்டர் கவனித்துவிடும். கோடு பதிந்து, பூட்டுவதை நிறுத்திவிட்டு, மீதி கிளட்ச்களாவது வழுக்காமல் இருக்கட்டும் என்று கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும். அந்த உச்ச அழுத்தத்தில் இரண்டாவது கியரின் பேண்ட், அதாவது சுற்றி இறுக்கும் பட்டை, படாரென்று பிடிக்கும். உங்களைப் பின்னாலிருந்து உதைப்பது அதுதான். சாவியை அணைத்துப் போட்டால் இந்தத் தற்காப்பு நீங்கிவிடும். மறுபடி வழுக்குவதைப் பார்க்கும்வரை கம்ப்யூட்டர் அமைதியாக இருக்கும். நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் இதோடு பொருந்துகிறது: காலையில் சரி, சூட்டில் கோளாறு, முதலில் ஆர்பிஎம், பிறகு அடி, சாவியில் விடுதலை.

பொருந்துகிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். சாலையில் சரிபார்க்கலாம். வண்டி நன்றாகச் சூடானபின் சமமான, ஆளில்லாத சாலையில் 50 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டரில், ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், வண்டி வேகம் குறையாதபடி தொடுங்கள். பிரேக் ஸ்விட்ச் பூட்டை விடுவித்துவிடும். ஆர்பிஎம் இருநூறு முந்நூறு ஏற வேண்டும். காலை எடுத்ததும் மறுபடி இறங்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் பூட்டு முன்பே விழுந்திருக்கவில்லை. அப்படியானால் பிரேக் ஸ்விட்ச் சரியாகப் பொருந்தாமல் எந்நேரமும் மிதித்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அது சர்வசாதாரணம். இரண்டு நிமிட வேலை. இறங்கிய பிறகு ஊசி நிலைகொள்ளாமல் மெதுவாக மேலே ஊர்ந்தால், வழுக்கல் உறுதி.

இதே சோதனை இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கும். இந்த 5.7 லிட்டர் வோர்டெக் இன்ஜின்களில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி கெட்டுப்போய் லேசான சுமையில் தீப்பொறி தவறும். பூட்டு விழுந்த நிலையில் இன்ஜினின் ஒவ்வொரு தவறலும் வண்டி முழுக்க அதிர்வாகத் தெரியும். சாலையில் கிடக்கும் வேகத்தடைகளை வரிசையாக ஏறியதுபோல் இருக்கும். அதைக் கியர்பாக்ஸ் என்று எண்ணி வீணாகச் செலவழித்தவர்கள் உண்டு. பிரேக்கைத் தொட்டதும் அதிர்வு அடங்கினால் கன்வெர்ட்டர் கிளட்சும் குற்றவாளியாக இருக்கலாம், இன்ஜினும் இருக்கலாம். ஆனால் ஆர்பிஎம் ஊசி உயராமல் வண்டி மட்டும் குலுங்கினால் முதலில் பிளக்கையும் மூடியையும் பாருங்கள். வழுக்கினால் ஊசி மேலே போகும். தீப்பொறி தவறினால் ஊசி நடுங்கும் அல்லது விழும்.

இனி, மற்ற கோளாறுகள் ஒளிந்திருக்கின்றனவா என்று பார்க்க, கியர்களை எண்ண வேண்டும். மேலே சொன்ன விகிதங்கள் இதற்குத்தான். மெதுவாக வேகம் எடுத்துக்கொண்டே ஆர்பிஎம்மைக் கவனியுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது 3000இலிருந்து ஏறத்தாழ 1600க்கு விழ வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 3000 என்றால் 1840 சுமார். மூன்றிலிருந்து நான்குக்கு 2100. அதன்பின் வரும் சின்ன இறக்கம் கன்வெர்ட்டர் பூட்டு. பலர் அந்தப் பூட்டை நான்காவது கியர் என்று எண்ணிக்கொண்டு, நான்காவது இல்லாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். எல்லாக் கியரையும் எண்ணி முடித்துவிட்டீர்கள் என்றால், எது விழவில்லை என்பதை வைத்து உள்ளே எது போனது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம். இந்த வேலையில் எனக்கு இன்றும் அலுக்காத பகுதி இதுதான்.

இரண்டாவது கியரும் நான்காவதும் ரிவர்ஸும் ஒரே நாளில் காணாமல்போய், ஒன்றும் மூன்றும் மட்டும் இருக்கின்றனவா? சன் ஷெல் என்ற மணிபோன்ற தகட்டு உறை முறிந்திருக்கிறது. இந்த மூன்று கியருக்கும் அது பொதுவானது. 4எல்60-இயின் பெயர்போன பலவீனம். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். மூன்றும் நான்கும் மட்டும் இல்லை, மூன்றாவது விழ வேண்டிய நேரத்தில் நியூட்ரலில் முடுக்கியதுபோல் இன்ஜின் அலறுகிறதா? மூன்று-நான்கு கிளட்ச் கருகிவிட்டது. அதற்கும் இறக்க வேண்டும். இரண்டும் நான்கும் இல்லை, ரிவர்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் இரண்டு-நான்கு பேண்டோ அதை அழுத்தும் சர்வோவோ. ரிவர்ஸ் மட்டும் இல்லை என்றால், கை லீவரை 1இல் போட்டு இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் லோ-ரிவர்ஸ் கிளட்ச் உயிரோடு இருக்கிறது, கோளாறு ரிவர்ஸ் இன்புட் கிளட்ச் பக்கம். வண்டி தன்பாட்டுக்கு ஓடினால் லோ-ரிவர்ஸ்தான் போயிருக்கிறது. லீவரை டிரைவில் போட்டால் வண்டி அசையவே இல்லை, 1இல் போட்டால் கிளம்புகிறது என்றால் முன்னோட்ட ஸ்ப்ராக், லோ ரோலர் என்ற ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச்களில் ஒன்று உடைந்திருக்கலாம்.

இவற்றோடு எளிதில் குழம்பக்கூடிய இன்னொரு கூட்டம் சோலனாய்டுகளுடையது. இரண்டே இரண்டு சோலனாய்டுகள் மாறி மாறித் திறந்தும் மூடியும் நான்கு கியரையும் உண்டாக்குகின்றன. ஒன்று-இரண்டு சோலனாய்ட் செயலற்றுக் கிடந்தால் வண்டி இரண்டாவதிலேயே கிளம்பும், மூன்றோடு நின்றுவிடும். அதுவே செயல்பட்ட நிலையில் சிக்கிக்கொண்டால் ஒன்றிலிருந்து நேராக நான்குக்குத் தாவும். கிளட்ச் கருகினால் இப்படி ஒழுங்கான வரிசை வராது; வழுக்கலும் அலறலும்தான் வரும். வழுக்காமல், சுத்தமாக, ஆனால் தவறான கியர் விழுகிறது என்றால் மின்சாரத்தைத் தேடுங்கள்.

மின்சாரம் முழுமையாக அறுந்தால் என்னவாகும்? டிரைவில் மூன்றாவது கியர் மட்டும், உச்ச அழுத்தத்தில். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். வழியில் நின்றுபோகாமல் வீடுவந்து சேரலாம். மூன்றாவதில் கிளம்புவது எப்படி இருக்கும் என்றால், மூட்டை ஏற்றிய வண்டியை மேட்டில் நிறுத்திக் கிளப்புவதுபோல் இருக்கும். இதை அனுபவிப்பவர்கள் வண்டிக்கு இழுவையே போய்விட்டது என்பார்கள்.

அப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. உங்களுடையதைவிட ஓராண்டு பழையது. அதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டுமுறை கியர்பாக்ஸ் மாற்றியிருந்தார்கள். நெடுஞ்சாலையில் மேடேறும்போது மட்டும் திடீரென்று மூன்றுக்கு இறங்கிவிடும், ஃப்யூஸ் போயிருக்கும், மாற்றினால் ஒரு வாரம் ஓடும். உரிமையாளர் ஃப்யூஸ் போனதை ஒரு சின்னத் தொல்லையாகத்தான் சொன்னார். வண்டியைத் தூக்கிவைத்து, கியர்பாக்ஸின் வலப்பக்கம் இருக்கும் வட்டமான இருபது முனை கனெக்டரிலிருந்து ஒயர்க் கற்றையை விரலால் தடவிக்கொண்டே மேலே போனேன். புகைக்குழாய்க்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத வளைவில், ஒயர் உறையின்மேல் விரல் ஒட்டியது. நெகிழி உருகி, உள்ளே பிங்க் நிற ஒயர் ஒன்றின் செம்பு ஓர் அரிசி நீளத்துக்கு வெளியே தெரிந்தது. மேட்டில் இன்ஜின் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாயும்போது மட்டும் அது குழாயைத் தொட்டிருக்கிறது. அந்த ஒயரைச் சுற்றிக் கட்டி, குழாயிலிருந்து விலக்கிப் பிணைத்துவிட்டேன். அதோடு முடிந்தது. அந்த மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கியர்பாக்ஸ் விலை அவருக்குச் சின்னத் தொகை இல்லை. அன்றுமுதல் கோடு எதுவாக இருந்தாலும் ஒயரை விரலால் தடவாமல் நான் ஒரு கியர்பாக்ஸையும் இறக்கியதில்லை.

ஆகவே நீங்களும் அந்த வட்டக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரமும் பச்சைப் படிவும் இருந்தால் துடையுங்கள். சாவி போட்ட நிலையில் வண்டி பக்கத்து ஒயரில் இ என்ற முனைக்குப் பன்னிரண்டு வோல்ட் வர வேண்டும். பிறகு மல்டிமீட்டரை ஓமில் வைத்துக் கியர்பாக்ஸ் பக்கத்தில் அளந்தால், கியர் சோலனாய்டுகள் இரண்டும் இருபது முதல் முப்பது ஓம் வரையும், அழுத்தக் கட்டுப்பாட்டு சோலனாய்ட் மூன்று முதல் ஐந்து ஓம் வரையும் காட்ட வேண்டும். குளிர்ந்தபோது ஒருமுறை, சூடானபின் ஒருமுறை அளப்பது நல்லது; சூட்டில் மட்டும் அறுந்துபோகும் சுருள்களும் உண்டு.

வெளியே இருக்கும் இரண்டு சென்சார்களையும் விட்டுவிட வேண்டாம். கோளாறு வரும் அதே கணத்தில் ஸ்பீடோமீட்டர் முள்ளும் துள்ளினால் அல்லது பூஜ்யத்துக்கு விழுந்தால் வேக சென்சார்தான். ஆக்சிலரேட்டரின் நிலையைச் சொல்லும் த்ராட்டில் சென்சாரில், சாவி போட்டு, பெடலை மெதுவாக அழுத்தும்போது வோல்ட் அரையில் தொடங்கி நான்குக்கு மேல் வழுவழுப்பாக ஏற வேண்டும். நடுவில் எங்காவது குதித்தால் கம்ப்யூட்டர் நீங்கள் காலை எடுத்துவிட்டதாக எண்ணி, தவறான இடத்தில் கியர் மாற்றும்.

அடுத்தது, நேர்மையான பட்டறையையும் மற்றதையும் பிரித்துக் காட்டும் சோதனை: அழுத்தமானி. கியர்பாக்ஸின் இடப்பக்கம் ஒரு சின்னக் குழாய் அடைப்பான் இருக்கிறது. அதைக் கழற்றி 300 பி.எஸ்.ஐ. மானியைப் பூட்டினால் போதும். அழுத்தக் கட்டுப்பாட்டு சோலனாய்டுக்கு முழு மின்னோட்டம் போகும்போது 55 முதல் 65 பி.எஸ்.ஐ., மின்னோட்டம் இல்லாதபோது 170 முதல் 190 வரை வர வேண்டும். இந்த இரண்டு எண்களும் சரியாக இருந்தால் பம்பும் பிரதான ஒழுங்கு வால்வும் நன்றாக இருக்கின்றன. சூட்டில் அழுத்தம் குறைவாகவே நிற்கிறது என்றால் ஃபில்டர் அடைப்போ பம்ப் தேய்மானமோ. உங்கள் வண்டியில் கோடு வந்த பிறகு அளந்தால் உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாவியை அணைத்துப் போட்டால் இறங்கிவிடும். இதை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் மேலே நான் கட்டிய பந்தயம் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அடித்தட்டு. பதினாறு போல்ட் கழற்றினால் இறங்கிவிடும். உள்ளே ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதை விரலால் வழித்துப் பாருங்கள். தண்ணீரில் குழைத்த விபூதிபோல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தால், அது வயதின் அடையாளம், கவலை வேண்டாம். கண்மைபோல் கறுத்துத் தடித்திருந்தால் கிளட்ச் உதிர்ந்துகொண்டிருக்கிறது. விரலில் குத்தும் சிராய்கள், மஞ்சள் மினுக்கும் துணுக்குகள் கிடைத்தால் இரும்போ புஷ்ஷோ உடைந்திருக்கிறது. தட்டு சுத்தமாக இருந்தும் கியர்பாக்ஸ் மாற்றச் சொல்லும் ஒருவரிடம் என்ன காரணம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னும் பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஓர் இடைச்செருகல். உங்களுடையது 700ஆர்4 என்றால் கார்புரேட்டரிலோ த்ராட்டில் பாடியிலோ இருந்து ஒரு கேபிள் கியர்பாக்ஸுக்குள் போகும். அது கியர் எப்போது மாறும் என்பதை மட்டுமல்ல, கிளட்ச்களுக்குப் போகும் அழுத்தத்தையும் தீர்மானிக்கிறது. கேபிள் கழன்ற நிலையில், கியர் மென்மையாக மாறுகிறதே என்று சந்தோஷப்பட்டு ஓட்டினால் சில மைல்களில் கிளட்ச் கருகிவிடும். டர்போ 350, டர்போ 400, ஃபோர்டு சி6 போன்றவற்றில் கேபிளுக்குப் பதில், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கும் வேக்கம் மாடுலேட்டர். அதன் ரப்பர் குழாய் வெடித்தால் கியர் தாமதமாகவும் கடினமாகவும் விழும். மாடுலேட்டரின் உள்சவ்வு கிழிந்தால் இன்ஜின் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகக் கக்கும். எங்கும் ஒழுகாமல் ஆயில் குறைந்துகொண்டே போகும். குழாயைக் கழற்றி முகர்ந்து பார்த்தாலே போதும்.

இனி உங்கள் வண்டிக்கு வைத்தியம். பி1870 உறுதியாகி, அடித்தட்டு சுத்தமாக இருந்து, நான்கு கியரும் வழுக்காமல் விழுந்தால், வால்வ் பாடியை மட்டும் கழற்ற வேண்டும். தேய்ந்த துளையை அதற்கென்றே உள்ள ரீமர் என்ற குடையும் கருவியால் பெரிதாக்கி, உறையோடு கூடிய புதிய வால்வைப் பொருத்தலாம்; அல்லது இந்தத் திருத்தம் செய்த வால்வ் பாடியையே வாங்கிப் பூட்டலாம். ரீமரும் பழகிய கையும் இல்லாதவர்களுக்கு இரண்டாவதுதான் என் பரிந்துரை. துளையைத் தொடாமல் வால்வை மட்டும் புதிதாகப் போடும் மலிவு வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம், தேய்ந்தது துளை.

வால்வ் பாடி இறங்கும்போது சின்னச் சின்ன உருண்டைகள் அதிலிருந்து உதிரும். எது எந்தக் குழியில் இருந்தது என்று முதலிலேயே படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது வாசலின் தடவி ஒட்டவைத்தால் விழாது. கிரீஸ் வேண்டாம், அது ஆயிலில் கரையாமல் ஃபில்டரை அடைக்கும். கைபட்டது பட்டுவிட்டது என்பதால் கியர் விழும் அடியை மென்மையாக்கும் ஒன்று-இரண்டு அக்குமுலேட்டரையும் திறந்து பாருங்கள். இத்தனை மாதம் உச்ச அழுத்தத்தில் அடிவாங்கியதில் அதன் பிஸ்டன் விரிசல் விட்டிருந்தால், கோடு போன பிறகும் இரண்டாவது கியர் இழுத்து இழுத்து விழும். புதிய ஃபில்டர், அதன் கழுத்தில் இருக்கும் சீல் இரண்டையும் மாற்றுங்கள். பழைய சீல் உள்ளேயே தங்கியிருக்கப் புதியதை அதன்மேல் திணித்துவிட்டு ஃபில்டர் நிற்கவில்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டின் போல்ட்களை 11 நியூட்டன் மீட்டருக்குமேல் முறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கிவிடும். தட்டை இறக்கும்போது சுமார் ஐந்து குவார்ட் வடியும், அவ்வளவே ஊற்ற வேண்டும். டெக்ஸ்ரான் 3க்குப் பதில் இப்போது கிடைக்கும் டெக்ஸ்ரான் 6 இதற்குப் பொருந்தும். வழுக்கலை நிறுத்துவதாகச் சொல்லும் பாட்டில் மருந்து எதுவும் வேண்டாம்.

அதுவரை ஓட்டலாமா என்று கேட்பீர்கள். தனியாக, மெதுவாக ஓட்டலாம். டிரெய்லர் மட்டும் கூடாது. பூட்டு விழாத கன்வெர்ட்டரோடு ஹூஸ்டன் வெயிலில் பாரம் இழுத்தால் ஆயில் சமைந்துவிடும்; இன்றைக்கு வால்வ் பாடியோடு முடியக்கூடிய செலவு மூன்று-நான்கு கிளட்ச் வரை போய்விடும். சரிசெய்த பிறகும் பாரம் இழுக்கும்போது ஓவர்டிரைவில், அதாவது நான்காவதில், வைக்காமல் மூன்றாவதில் ஓட்டுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் ஒன்றையும் பொருத்திவிடுங்கள்.

வால்வ் பாடி மாற்றிய பிறகும் பி1870 திரும்பி வந்தால், இத்தனை நாள் வழுக்கியதில் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் பட்டையே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கியர்பாக்ஸை இறக்கித்தான் கன்வெர்ட்டரை மாற்ற முடியும். இறக்குவது என்று ஆகிவிட்டால், அன்றைக்குப் புதிய சன் ஷெல்லையும் மூன்று-நான்கு கிளட்ச் பிளேட்களையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். கூலரையும் அதன் குழாய்களையும் கழுவி, எதிர்ப்பக்கம் ஆயில் தெளிவாக வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு புதிய கன்வெர்ட்டரைப் பூட்டட்டும்.